அட்சதைக்கு எத்தனை பிட்?

வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்குப் பரம எதிரி அட்சதைதான். அக்காவின் கல்யாண டிவிடியை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக்கும்போதுதான் இது தெரிந்தது. அசையாத காட்சி என்றால் அதற்குக் கொண்டாட்டம். முந்தைய ஃபிரேமில் இருந்ததே இதிலும் என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். மேடையேறி, கவரைக் கொடுத்து, கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கும் உறவினர்களுக்கு அது செலவழிப்பது சொற்பம். ‘கெட்டிமேளம்’ என்ற குரல் கேட்டதும் கதை கந்தலாகிறது. அத்தனை கைகளும் வீசும் அரிசி, ஒவ்வொரு மணியும் ஒரு திசையில். எதிலிருந்து எதை ஊகிப்பது? தாலி ஏறும் அந்த நொடியில் அக்காவின் முகமே கட்டம் கட்டமாக உடைகிறது.

எனவே நொடிக்கு இவ்வளவுதான் பிட் என்று ரேஷன் கடைத் தராசுபோல அளக்கக் கூடாது. ஆர்எஃப் என்ற அமைப்பில் தரத்தை மட்டும் சொல்லிவிட்டால், எங்கே எவ்வளவு செலவழிப்பது என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை என்பார்கள்.

நம் ஊர் டிவிடி பால் (PAL) முறை: 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். கல்யாண வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதி. ஒன்றுக்கும் மற்றதற்கும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. இந்த இரண்டையும் டீஇன்டர்லேஸ் செய்து ஒரே படமாக்காவிட்டால் வீசும் கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் முளைத்திருக்கும்.

வம்பு பிடித்தது டீநாய்ஸ். படத்தில் மினுக்கும் புள்ளிகளைத் துடைக்கிறேன் பேர்வழி என்று வரும். பலமாக வைத்தால் அரிசிக்கும் அழுக்குக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பாட்டியின் முகச் சுருக்கத்தையும் வழித்துவிடும்.

புள்ளி என்றதும் ஓலைச்சுவடி ஞாபகம் வருகிறது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று ஏடு எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் பேதமில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஏட்டில் ‘கொடு’ என்று கண்டால் அது கொடுவா, கோடா என்பதை அடுத்த சொல்தான் சொல்ல வேண்டும். படிக்கிறவன் தமிழ் தெரிந்தவன், மிச்சத்தை அவனே நிரப்பிக்கொள்வான் என்ற தைரியம்! அவர்களும் சுருக்கத்தான் செய்தார்கள். விரிக்கும் வேலையை வாசகன் தலையில் கட்டினார்கள். அப்படிப்பட்ட ஏடுகளை ஊர் ஊராகத் தேடி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் உ.வே.சாமிநாதையர். ஒரு ஏட்டில் விட்டுப்போனதை இன்னொன்று கொடுத்தது.

கல்யாண வீடியோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூல கேசட்டில் வீடியோக்காரர் எப்போதோ வேறு யாருடைய முகூர்த்தத்தையோ எடுத்திருப்பார். மிஞ்சியது இந்த வட்டு ஒன்றுதான். அதிலும் வீட்டில் எழுதும் டிவிடியின் சாயம் நாளாக ஆக மங்கக்கூடியது.

என் தீர்ப்பு: ஆர்எஃப் 18, டீஇன்டர்லேஸ் உண்டு, டீநாய்ஸ் கிடையாது. ஃபைல் பெருத்தால் பெருக்கட்டும். அச்சுப் புத்தகம் வந்துவிட்டதே என்று ஐயர் ஏடுகளை அடுப்பில் போடவில்லை. சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் அவர் சேர்த்த சுவடிகள் இன்றும் இருக்கின்றன. நீங்களும் சுருக்குவதற்கு முன் டிவிடியை அப்படியே ஒரு ஐஎஸ்ஓ பிரதி எடுத்துவிடுங்கள். ஒற்றை அடுக்கு வட்டு என்றால் 4.7 ஜிபிக்கு மேல் போகாது.