அரக்குக் குச்சி

இஸ்தான்புல் டோப்காப்பி அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஒரு கல்லைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 86 காரட் வைரம், அதைச் சுற்றி 49 சின்ன வைரங்கள். கரண்டிக்காரர் வைரம் என்று பெயர். குப்பையில் கிடந்ததைக் கண்டெடுத்த ஏழை மீனவர் ஒருவர், மதிப்புத் தெரியாமல் மூன்று கரண்டிக்கு அதை மாற்றிக்கொண்டார் என்பது அந்த ஊர்க் கதை. எனக்கு இதைச் சொன்னவள் துருக்கியிலிருந்து வந்திருந்த ஒரு பள்ளி மாணவி. சொன்ன இடம் உறையூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் தகரக் கொட்டகை. அவளுக்கு எதிரே ஓர் அம்மாள் வெள்ளைக் கல்லுக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

திருச்சியில் ஆங்கில ஆசிரியராக இருக்கும் நண்பர் மூலம் வந்த வாய்ப்பு இது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அவர் பள்ளிப் பிள்ளைகள் போன வருடம் இஸ்தான்புல் போய்வந்தார்கள். பதிலுக்கு அங்கிருந்து ஒரு குழு இங்கே. அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று நம் பிள்ளைகளைக் கேட்டேன். அரண்மனை, மியூசியம், மசூதி, மறுபடி மியூசியம், கடைசி நாள் கடைத்தெரு. வந்தவர்களுக்கு இங்கே போட்டிருந்த பட்டியலும் கிட்டத்தட்ட அதேதான். மலைக்கோட்டை, ராணி மங்கம்மாள் மண்டபத்து அரசு அருங்காட்சியகம், ஸ்ரீரங்கம், கல்லணை, கடைசி நாள் என்.எஸ்.பி. ரோட்டில் துணிக்கடை. கல் பட்டறையையும் சேருங்கள் என்று நான்தான் நச்சரித்தேன். "அங்க என்னங்க இருக்கு பார்க்கறதுக்கு?" என்றார் நண்பர். அவர் பிறந்து வளர்ந்தது தென்னூர். உறையூருக்கு நடந்தே போகலாம்.

ஸ்ரீரங்கத்துக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். ஏழு பிராகாரம், 21 கோபுரம், 156 ஏக்கர் என்று வழிகாட்டி ஒப்பித்தார், பிள்ளைகள் தலையாட்டினார்கள். ராஜகோபுரம் 236 அடி உயரம், கட்டி முடித்தது 1987-இல் என்றதும் ஒரு பையன் நிமிர்ந்தான். தன் அப்பாவைவிடக் கோபுரத்துக்கு வயது குறைவு என்பதில் அவனுக்கு ஏமாற்றம். சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் அந்த ஏமாற்றத்தைத் தீர்த்துவைத்தன. கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள். விரல் நீளத் தந்தத்தில் நகை, மடிப்பு, விரல் நகம்வரை இருக்கிறது. செய்யச் சொன்ன அரசர்களின் பெயர் நமக்குத் தெரியும். செதுக்கியவரின் பெயர் தெரியாது.

ஆர்லாவ் வைரத்தின் கதையை வழிகாட்டி அங்கே எடுத்துவிட்டார். ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் கண்ணாக இருந்த வைரத்தை 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் பக்தன் வேஷத்தில் வந்து திருடினான், அது கைமாறிக் கைமாறி ஐரோப்பா போனது, கிரிகோரி ஆர்லாவ் பிரபு வாங்கி ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்குக் கொடுத்தார் என்பது கதை. இதன் பின்பாதி வரலாறு. 1770-களில் ஆர்லாவ் கொடுத்த அந்தக் கல் பேரரசியின் செங்கோலில் பதிக்கப்பட்டது, இன்றும் மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கிறது. எடை ஏறக்குறைய 190 காரட், பாதியாக வெட்டிய முட்டை மாதிரி வடிவம். முன்பாதியை நான் நம்புவதில்லை. சுதையால் ஆன, பள்ளிகொண்ட திருமேனியின் கண்ணில் அந்தப் பருமனில் ஒரு கல்லை யார் பதித்திருக்க முடியும்? ஷாஜகான், ஔரங்கசீப் கையில் இருந்து காணாமல்போன மொகலாய வைரம்தான் இது என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் ஒன்று கவனித்தேன். திருட்டுக் கதை என்றதும் பிள்ளைகளின் கண் விரிந்தது. அந்த மாணவி கரண்டிக்காரர் வைரம் என்று ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் வேன் வந்துவிட்டது, பேச்சு நின்றுபோனது.

காவிரிப் பாலம் தாண்டி வேன் உறையூருக்கு வந்தபோது உச்சிவேளை. சோழர் தலைநகர் என்பதற்கு இந்தத் தெருக்களில் ஒரு அடையாளமும் கிடையாது. கிரேக்கக் கடற்பயணக் குறிப்பேடான பெரிப்ளூஸில் இந்த ஊரின் மெல்லிய துணி பேசப்படுகிறது, நெசவு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இந்த ஊர்ச் சுருட்டு பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். செயற்கைக் கல்லைப் பற்றித்தான் எழுதுபவர் குறைவு. ஒரு காலத்தில் திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் சாணைச் சக்கரம் சுழன்றது. தமிழ்நாட்டில் பரதநாட்டியம் அரங்கேறிய பெண்களில் பாதிப் பேர் நெற்றிச்சுட்டியில் இந்தச் சந்துகளின் வேலை இருந்திருக்கும்.

பட்டறை என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்ய வேண்டாம். பத்துக்கு எட்டு அடி, தரையில் பள்ளம் மாதிரி ஓர் இடம், அதில் உட்கார்ந்தால் இடுப்பு உயரத்துக்குச் சக்கரம். முன்பு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி மறுகையால் கல்லைப் பிடிப்பார்களாம். இப்போது சின்ன மோட்டார். கல்லை உடைப்பது, துண்டாக்குவது, உருட்டுவது, கடைசியில் கழுவுவது எல்லாவற்றையும் அம்மாளின் மருமகன் வரிசையாக விளக்கினார். அவற்றை விட்டுவிடுகிறேன். என் கண்ணெல்லாம் அம்மாள் கையில் இருந்த குச்சி மேலேயே இருந்தது.

பென்சிலைவிடக் குட்டையான குச்சி, முனையில் கறுத்த அரக்கு. விளக்குச் சுடரில் அரக்கை இரண்டு மூன்று முறை காட்டி இளக்கினார். ஈரம்தொட்ட விரலால் அதைக் கூம்பாக்கினார். தட்டிலிருந்து ஒரு கல்லை, கண்ணுக்கே தெரியாத பொடிசு, நாக்கு ஈரத்தில் ஒட்டி எடுத்து அரக்கின் உச்சியில் வைத்து, நகத்தால் ஒரு தட்டு. நேராக நிற்கிறதா என்று குச்சியை விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். கோணல். மறுபடி சுடர், மறுபடி தட்டு. பிறகு சக்கரத்தில் வைத்தார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இம்மியளவு உருட்டல், மறுபடி 'ஸ்ஸ்'. கல்லைப் பார்க்கவே இல்லை. சத்தம் மாறுகிற இடத்தில் கை தானாக எழுந்துவிடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் குச்சியை வெளிச்சத்தில் காட்டினார். எட்டுப் பட்டைகள், ஒன்றுக்கொன்று மயிரிழைகூட ஏறாமல்.

முழுப் பட்டை போட்ட வட்ட வைரத்துக்கு 57 முகம். மேலே விழுந்த ஒளி அடிப்பட்டைகளில் மோதி மேலேயே திரும்ப வேண்டும். சாய்வு தப்பினால் ஒளி கீழ்வழியாக ஓடிவிடும், கல் செத்துப்போகும். எந்தச் சாய்வில் வெட்டினால் அதிகம் ஜொலிக்கும் என்று 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுப் புத்தகமே எழுதினார். இந்த அம்மாளுக்கு அந்தக் கணக்கு மணிக்கட்டில் இருக்கிறது. "கையி பழகிக்கும் சார், அதுக்கு என்னத்த சொல்றது" என்றார்.

துருக்கிப் பிள்ளைகளில் ஒருவன் குச்சியை வாங்கிச் சக்கரத்தில் வைத்துப் பார்த்தான். கல் தெறித்து எங்கோ போனது. அம்மாள் சிரித்துவிட்டு, "பரவால்ல கண்ணு, ஒண்ணுதானே" என்றார். மருமகன் மட்டும் குனிந்து தரையைத் துழாவிக்கொண்டே இருந்தார். எண்ணிக் கொடுத்த கல் அது, எண்ணித்தான் திருப்ப வேண்டும்.

இந்த வேலையை எப்போது ஆரம்பித்தீர்கள் என்று அந்த மாணவி கேட்டாள். நண்பர் மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார். கேள்வி அம்மாளுக்கே புரிந்துவிட்டது போல. "எத்தன வயசுலன்னு கேக்குதா? ஒம்பதுன்னு சொல்லுங்க சார், இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு" என்றார்.

அக்கா கல்யாணத்துக்கு அப்பா பட்டறைக்காரரிடம் முன்பணம் வாங்கினார். அதற்கு ஈடாக மூன்றாம் வகுப்போடு இவரை அனுப்பினார். முதலில் சக்கரம் சுற்றுவது, அப்புறம் அரக்கு இளக்குவது, அப்புறம் குச்சி. அக்காவுக்கு மூன்று பிள்ளை பிறந்த பிறகும் முன்பணம் தீரவில்லை. பொங்கலுக்கு, காய்ச்சலுக்கு என்று மேலே மேலே வாங்கியது சேர்ந்துகொண்டே போனது. இது இவர் ஒருவர் கதை இல்லை. மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 1996-இல் இந்தியக் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் பீடி, வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு செயற்கைக் கல் தொழிலும் இருக்கிறது, திருச்சியின் பெயரும் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த ஆபத்தான வேலைகளின் பட்டியலில் கல் வெட்டிப் பட்டை தீட்டுவதும் பின்னால் சேர்க்கப்பட்டது. இப்போது அந்தச் சந்தில் சிறுவர்கள் யாரும் சக்கரத்தில் இல்லை. பெரியவர்களும் அதிகம் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: "சைனா கல்லு." சிவப்புக்கல் காலத்தில் பிரச்சினை இல்லை. பிரெஞ்சுக்காரர் வெர்னாய் 1902-இல் வெளியிட்ட முறைப்படி அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கிச் செய்த கெம்பு மேட்டுப்பாளையத்து ஆலையிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தது. அதை வெட்டக் கை வேண்டும், கை திருச்சியில் இருந்தது. பிறகு சிர்க்கோனியா வந்தது. நகைக்கடைகள் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிற அந்தக் கல்லை 1970-களில் நகைக்குத் தோதாக வளர்த்தெடுத்தது மாஸ்கோவில் ஒரு சோவியத் ஆய்வுக்கூடம். ஸ்ரீரங்கத்துக் கண் என்று கதை சொல்லும் கல்லும் அதே ஊரில்தான். சீனாவில் குவாங்சிப் பகுதியின் வூசோ நகரம் இந்தக் கல்லை இயந்திரத்தில் மலைமலையாக வெட்டத் தொடங்கியதும் கையின் விலை விழுந்தது.

ஆனால் சீனாவையே சொல்லிக்கொண்டிருந்தால் நடுவில் இருப்பவர்களை மறந்துபோவோம். அவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். கச்சாக்கல் கொடுப்பவர் ஒருவர். எண்ணி வாங்குபவர் அவரே. பழுது என்று கழிப்பதும் அவரே. கழித்த கல்லுக்குக் கூலி கிடையாது, ஆனால் கல் அவர் பைக்குத்தான் போகிறது. அதை அவர் தூக்கியா எறிவார்? கடைவீதியில் அதே கல் ஒரு ஜோடித் தோட்டில் உட்காரும்போது வாங்குபவரிடம் 'ஹேண்ட் கட்' என்று தனி விலை சொல்கிறார்கள். அந்தத் தனி விலையில் சந்துக்குத் திரும்பி வருவது என்ன? நாள் முழுக்கக் குனிந்திருந்தாலும் சித்தாள் கூலி தேறாது என்றார் அம்மாள். கண் மங்கினால் அதுவும் இல்லை. தறிக்காவது கூட்டுறவுச் சங்கம் என்று ஒன்று உண்டு, குறை சொல்லவாவது ஒரு கதவு. இங்கே கூலியை ஏற்றிக் கேட்டால் மறுவாரம் கல் வராது. அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

கரண்டிக்காரர் வைரத்தின் கதையை அந்த மாணவி சொன்னது அப்போதுதான். நண்பர் தமிழில் சொல்லச் சொல்ல அம்மாள் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். மூன்று கரண்டி என்றதும் மருமகனைப் பார்த்து, "அந்தாளுக்காவது கரண்டி கெடச்சுது" என்றார். கொட்டகையே சிரித்தது. சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு நண்பர் விளக்க வேண்டியிருந்தது.

கோயிலில் என்னென்ன பார்த்தீர்கள் என்று அம்மாள் பிள்ளைகளை விசாரித்தார். வைகுண்ட ஏகாதசிக்கு ஒரு வருடமும் தவறாமல் ஸ்ரீரங்கம் போய்விடுவாராம். ரத்னாங்கியும் பாண்டியன் கொண்டையுமாக நம்பெருமாள் பரமபத வாசல் தாண்டி வரும்போது சுற்றிலும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "நானும் போட்டுக்குவேன் சார். ஆனா கண்ணு கல்லு மேலயே போவும். அதெல்லாம் பழைய பட்டை, கையில போட்டது. சில கல்லு சாய்வாவே இருக்கும். வெளக்கு வெளிச்சத்துல அதுதான் அழகு." கோயிலில் வழிகாட்டி ஒன்றரை மணி நேரத்தில் சொல்லாத ஒரு செய்தி.

வெளியே வந்ததும் நண்பரிடம் சண்டை போட்டேன். வழிகாட்டிக்குக் கட்டணம், வேனுக்கு வாடகை, அருங்காட்சியகத்துக்கு டிக்கெட், எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. இந்த அம்மாளின் ஒரு மணி நேரத்துக்குப் பட்டியலில் வரியே இல்லை. தேநீர் செலவுகூட அவர்களுடையது. ஒரு கலையைக் காட்டினோம் என்று பள்ளி ஆண்டு மலரில் படம் போடுவோம், படத்தில் இருப்பவருக்கு அன்றைய கூலி போயிருக்கும். நண்பர் கோபிக்கவில்லை. அடுத்த குழு வரும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்குவதாகவும், பயிற்சியாளர் என்று எழுதி வழிகாட்டிக்குக் கொடுக்கிற அதே தொகையை அவருக்கும் கொடுப்பதாகவும் சொன்னார். உடனே உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்றேன்.

அம்மாள் தொகையைக் கேட்டுக்கொண்டார். அதிகம் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை.

"காலையில கூட்டிட்டு வாங்க சார், வெளிச்சம் நல்லாயிருக்கும். பழகறதுக்கு ஒடஞ்ச கல்லா எடுத்து வச்சிர்றேன்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வெள்ளிக்கிழம மட்டும் வேணாம். அன்னிக்குத்தான் கல்லு குடுக்கறவரு வருவாரு. இவ்வளவு காசு வருதுன்னு தெரிஞ்சா கூலியக் கொறச்சிருவாரு."