கையெழுத்து யாருடையது?



நம் சபையில் சிறு கடை வைத்துப் பிழைக்கிறவர்கள் பலர் உண்டு. பலசரக்கு எல்லாவற்றையும் விற்கிற கடைகள் அல்ல அவை. ஒரே வகைப் பொருளை நம்பி, அதன் நுணுக்கங்களை அறிந்து நடத்தப்படுகிறவை. சில மாதங்களாக இவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறது. “ஐயா, கடைக்கு வேண்டிய விளம்பரத்தையும் கடிதத்தையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிக்கொள்ளலாமா? அதில் தவறு உண்டா?” இந்த வாரம் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. தாலுகா அலுவலக வாசலில் மரத்தடியில் அமர்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவர்களை நாம் எல்லாரும் அறிவோம். வந்தவர் தம் குறையை வாய்மொழியாகச் சொல்வார். எழுதுகிறவர் அதை முறைப்படுத்தி எழுதுவார். கையெழுத்தோ கைநாட்டோ குறை சொன்னவருடையதாக இருக்கும். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வெளியானதற்குப் பின், அந்த மரத்தடி உதவி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் தமிழில் பேச, பெங்களூருக்காரர் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் உருவாகிறது. பிறர் தயவை எதிர்பார்த்துக் கூச்சத்தோடு நின்றவருக்கு இது பெரிய விடுதலை. இதற்காக நான் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை நடத்தும் ஒரு சகோதரர் தம் கைப்பேசியில் எனக்குக் காட்டியதையும் சொல்ல வேண்டும். கடையைக் குறித்து நான்கு வரி எழுதித் தரும்படி அவர் கேட்டிருக்கிறார். நடை அழகாகவே இருந்தது. மூன்று தலைமுறைப் பாரம்பரியம் என்றது. சொந்தப் பண்ணைப் பசும்பால் என்றது. ஒரு மாதம் ஆனாலும் கெடாது என்றது. அவரோ தாமே தொடங்கிய கடையை நடத்துகிறார். பாலை ஊர்க்காரர்களிடம் விலைக்கு வாங்குகிறார். வெளியில் வைத்தால் சில நாள்களுக்குமேல் பால்கோவா தாங்காது என்பதையும் நன்றாக அறிவார். “அழகாத்தான் இருக்குது ஐயா, ஆனா இது எங்க கடை இல்லையே” என்று சிரித்துவிட்டு, அந்த மூன்று வரிகளையும் அழித்தார்.

இயந்திரம் ஏன் இப்படி எழுதுகிறது? வஞ்சிக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதைக் கற்றுக்கொண்ட கருவி அது. இனிப்புக் கடை விளம்பரங்களில் தலைமுறையும் பாரம்பரியமும் அடிக்கடி வருவதால், கேட்டவருடைய கடைக்கும் அவற்றைச் சூட்டிவிடுகிறது. அந்தக் கடையின் அடுப்படியில் அது நின்றதில்லை; பால் சுண்டும் வாசனையை அறிந்ததில்லை. நாம் சொல்லாத இடங்களை வழக்கமான சொற்களால் நிரப்புகிறது. நிரப்பப்பட்டது மெய்யா என்று பார்க்கக் கூடியவர் கடைக்காரர் ஒருவரே.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் ஊர் முழுவதற்கும் உரிய சொத்து என்பதே அதன் பொருள். பாலைக் கறந்து தருகிறவர்களும், அடுப்பின் வெக்கையில் நின்று அடிபிடிக்காமல் கிண்டுகிறவர்களும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நற்பெயர் அது. வேறு ஊரில் கிண்டியதற்கு அந்தப் பெயரை ஒட்டினாலும், தாங்காத நாளைத் தாங்கும் என்று அச்சிட்டாலும், நட்டம் வாங்கினவரோடு நிற்பதில்லை. அந்த ஊரில் காலையில் அடுப்பு மூட்டுகிற ஒவ்வொரு வீட்டையும் அது தொடுகிறது. பிறனுடைய பொருளை எடுத்தல் தவறு என்று அறிந்த நாம், பிறனுடைய பெயரை எடுப்பதையும் அவ்வாறே எண்ண வேண்டும்.

இனிப்பில் நேர்கிற பிழையைவிடக் கொடியதும் உண்டு. பேருந்தில் அரைமணி நேரத்துக்குள் நாம் சென்றடைகிற இராஜபாளையத்தை எண்ணிப் பாருங்கள். அதன் அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கட்டுத்துணியும் பஞ்சும் விற்கிற கடைக்காரர் ஒருவர், தம் சரக்கைக் குறித்து ஒரு விவரக் குறிப்பு எழுதக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தறியிலிருந்து வந்து, வெளுத்து, மடித்து வைத்த துணி வேறு. முறைப்படி கிருமி நீக்கி, உறையிட்டு முத்திரை வைத்த துணி வேறு. பார்வைக்கு இரண்டும் வெள்ளை. ‘கிருமி நீக்கப்பட்டது’ என்ற சொல் மருத்துவப் பொருள்களின் குறிப்புகளில் அடிக்கடி வருவதால், இயந்திரம் அதை எளிதாகச் சேர்த்துவிடக் கூடும். கடைக்காரர் படிக்காமல் அனுப்பிவிட்டால், அந்த ஒரு சொல் எங்கோ ஒருவருடைய திறந்த புண்ணின்மேல் போய் அமரும். ‘நான் எழுதவில்லை, இயந்திரம் எழுதிற்று’ என்று அந்தப் புண்ணுக்கு முன் நின்று சொல்ல முடியுமா?

பிரியமானவர்களே, அப்போஸ்தலனாகிய பவுலும் பிறர் கையால் எழுதுவித்தவரே. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், எழுத்தராகிய தெர்தியு தம் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார் (ரோமர் 16:22). எழுதிய கை தெர்தியுவினுடையது, நிருபமோ பவுலுடையது. ஆகவே எழுத்துக்கு உதவி தேடுவதை வேதம் குறைவாக எண்ணவில்லை. ஆயினும் பவுல் ஒரு வழக்கத்தைக் காத்துக்கொண்டார். தம் நிருபங்களுக்கு அடையாளமாகச் சொந்தக் கையால் வாழ்த்து எழுதியதை அவரே குறிப்பிடுகிறார் (2 தெசலோனிக்கேயர் 3:17).

பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தில் இது இன்னும் தெளிவாகிறது. ஒநேசிமு தன் எஜமானுக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தாமே தீர்ப்பதாகப் பவுல் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைத் தம் சொந்தக் கையால் எழுதுவதாகவும் சொல்கிறார் (பிலேமோன் 19). பணமும் பொறுப்பும் சம்பந்தப்பட்ட இடத்தில் பவுலின் கை முன்வந்து நிற்கிறது. வியாபாரம் செய்கிற ஒவ்வொருவரும் இந்த வசனத்தைக் கல்லாப் பெட்டியருகில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கடையில் இதை எப்படிக் கைக்கொள்வது? முதலாவது, எழுதச் சொல்லும் முன் மெய்யான விவரங்களை நீங்களே சொல்லுங்கள். அதற்குமேல் ஒன்றும் சேர்க்காதே என்றும் சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பின்பும் அது சேர்க்கக் கூடும். ஆகையால் வந்த எழுத்தை வரி வரியாக வாய்விட்டுப் படித்து, ‘இதற்கு நான் சாட்சியா?’ என்று கேளுங்கள். இரண்டாவது, எடை, உட்பொருள், தயாரித்த நாள், எத்தனை நாள் வைத்து உண்ணலாம் என்பவற்றை இயந்திரத்தின் ஊகத்துக்கு விடாதீர்கள். கள்ளத்தராசை வேதம் அருவருப்பு என்கிறது (நீதிமொழிகள் 11:1). பொட்டலத்தின்மேல் அச்சிட்ட பொய்யும் கள்ளத்தராசே. மூன்றாவது, வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் அதனிடம் கொடுக்காதீர்கள். அவை அவர்கள் உங்களை நம்பித் தந்தவை.

இன்னும் ஒன்று. அனுப்பிய பெட்டி கெட்டுப்போயிற்று என்று யாராவது எழுதினால், அழகான மன்னிப்புக் கடிதம் ஒரு நொடியில் கிடைக்கும். அதை அனுப்புவதற்கு முன் தொலைபேசியை எடுத்து நீங்களே பேசுங்கள். “அண்ணாச்சி, வருத்தப்படாதீங்க, வேற அனுப்புறேன்” என்று உங்கள் குரலில் வருகிற ஒரு வரி, அவருக்கு ஒரு மனிதர் பொறுப்பேற்கிறார் என்பதைக் காட்டும். வருத்தப்படவோ, நட்டத்தை ஏற்கவோ இயந்திரத்தால் ஆகாது.

இந்த வாரம் உங்கள் கடையின் பெயரில் வெளியே போயிருக்கிற எழுத்துகளை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: பலகை, பொட்டலம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும். பவுலைப்போல அவற்றின் கீழே உங்கள் சொந்தக் கையால் பெயரெழுத மனம் துணிகிறதா? துணிகிற வரிகள் நிற்கட்டும், மற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

உங்கள் கைகளின் வேலையையும், உங்கள் பெயரில் வெளிவருகிற சொற்களையும் கர்த்தர் உண்மையில் நிலைநிறுத்துவாராக. ஆமென்.