கப்பல் ஏற முதல் நாகையில ஒரு நாள்

நாகப்பட்டினத்தைப் பாக்கவெண்டே நாகப்பட்டினத்துக்குப் போறாக்கள் குறைவு. வேளாங்கண்ணிக்குப் போறவை இறங்கி பஸ் மாறுவினம். நாகூருக்குப் போறவை ஓட்டோ பிடிப்பினம். 2023 ஒக்டோபரில இருந்து மூண்டாவதா ஒரு கூட்டமும் சேர்ந்திருக்கு: காங்கேசன்துறைக் கப்பலுக்கு வாறவை.

நாங்கள் நாலு பேரும் அந்த மூண்டாவது கூட்டம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிழமை சுத்திப்போட்டு ஊருக்குத் திரும்ப வெளிக்கிட்டம். கப்பல் காலமையில போற கப்பல். அதுக்கு முதல் சுங்கம், குடிவரவு எல்லாம் முடிக்கவேணும். அதால முதல் நாளே வந்து தங்குறதைத் தவிர வேற வழி இல்லை. கப்பல் எண்டவுடன பெரிசா யோசிக்க வேண்டாம். 2023 ஜூனில சென்னையில இருந்து ஒரு உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது பேஸ்புக் முழுக்க அதின்ர படம்தானே. நாங்கள் ஏறினது அப்பிடியானதில்லை. நூற்றைம்பது பேர் அளவில கதிரையில இருந்து போற சின்னக் கப்பல். ஏறக்குறைய 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் வாற பஸ் இதைவிடக் கன நேரம் எடுக்கும்.

காலமை எட்டு மணிக்கே வந்து இறங்கியாச்சு. பைகளை அறையில போட்டிட்டு, முழு நாளும் என்ன செய்யிறது எண்டு ஆளை ஆள் பாத்தம்.

பாக்கிறதுக்குச் சாமான் இல்லாத ஊர் இல்லை இது. பாக்கவேண்டியதுகளில பாதி இப்ப இல்லை எண்டதுதான் பிரச்சினை. ராஜராஜன் காலத்தில சிறீவிஜய அரசன் கட்டின சூடாமணி விகாரை இங்கதான் இருந்தது. அதுக்கு ஆனைமங்கலம் எண்ட ஊரையே எழுதிக் குடுத்த செப்பேடுகள் ஒல்லாந்தில லைடனுக்குப் போய், லைடன் செப்பேடு எண்டே பேரெடுத்திட்டுது. பழைய விகாரைக் கட்டடத்தில கடைசியா மிஞ்சி நிண்ட கோபுரத்தை 1867இல இடிச்சுப்போட்டினம். மண்ணுக்குள்ள கிடந்த முந்நூறுக்கு மேற்பட்ட புத்தர் வெண்கலங்களில கனக்க சென்னை மியூசியத்தில. இதையெல்லாம் றோட்டுக் கரையில நிண்டு சத்தமாக் கதைச்சுக்கொண்டு போனம். கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் உறைச்சது, தமிழ் ஊரில ஒரு விகாரை இருந்ததெண்டு இவ்வளவு சாதாரணமாக் கதைக்க எங்களுக்கு ஊரில ஏலாது. காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குக் கிட்டத்தான் தையிட்டி. அங்க விகாரை எண்டால் வரலாறு இல்லை, காணிப் பிரச்சினை.

ஒல்லாந்தரும் அப்பிடித்தான். யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் போர்த்துக்கேயரிட்ட இருந்து ஒல்லாந்தற்ற கைக்குப் போனது ஒரே ஆண்டில, 1658இல. எங்கட கோட்டை இண்டைக்கும் நிக்குது, பின்னேரம் காத்து வாங்கப் போறம். இங்க கோட்டை எங்க எண்டு கேட்டால் சனம் எங்களைப் புதினமாப் பாக்குது.

பத்து மணிக்கு அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனம். போகவேணும் எண்டு சொன்னது எங்களில ஒருத்தன், மயிலிட்டிக்காரன். அவன்ர குடும்பம் 1990இல இடம்பெயர்ந்தது. 2017இல மயிலிட்டித் துறைமுகத்தை விட்ட பிறகுதான் திரும்பிப் போனவை. இவன் பிறந்தது, வளந்தது எல்லாம் வேற ஊரில. தகப்பன் இப்பவும் ஃபைபர் படகில தொழிலுக்குப் போறவர். ரெண்டு தரம் அவற்ற வலையை இந்தியன் ரோலர் அறுத்துக்கொண்டு போயிருக்கு. வலை எண்டால் ஒரு வருசத்துக் கடன். “எங்க இருந்து வாறாங்கள் எண்டு ஒருக்காப் பாக்கவேணும்” எண்டான். நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை.

மே மாதம். தமிழ்நாட்டின்ர கிழக்குக் கரையில ஏப்ரல் 15இல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதால விசைப்படகுகள் எல்லாம் கரையில, ஒண்டோட ஒண்டு உரசிக்கொண்டு, வரிசை முடியிற இடம் தெரியாமல் நிண்டுது. பெயின்ற் மணம். எங்கயோ வெல்டிங் சத்தம். நிழல்ல இருந்து மடி வலை பொத்துற ஆக்கள். மடியை விரிச்சு வைக்கிற பலகைகள், இரும்புப் பட்டம் அடிச்சது, கரையில அடுக்கிக் கிடந்தது. அந்தப் பலகையும் சங்கிலியும்தான் கடலடியில உழுதுகொண்டு போறது. சாதாளை, பார், குஞ்சு மீன் எண்டு ஒண்டும் பாக்காது.

எங்களுக்கு இந்தப் படகுகள் புதிசில்லை. இதே மாதிரிப் படகுகளை மயிலிட்டியில பாத்திருக்கிறம். பிடிபட்டு, வழக்கு முடிஞ்சு, அரசுடைமையாகி, கட்டிவிட்டபடி கறள் பிடிச்சு, சிலது பாதி தாண்டு. அங்க கிடக்கிறது பிரேதங்கள் எண்டால் இங்க நிக்கிறது உயிரோட இருக்கிற சொந்தக்காரர். மயிலிட்டிக்காரன் கன நேரம் ஒரு படகின்ர பேரையும் நம்பரையுமே பாத்துக்கொண்டு நிண்டான்.

வலை பொத்திக்கொண்டிருந்த ஒருத்தர்தான் முதல் கதைச்சவர். ஐம்பது வயசு இருக்கும்.

“தம்பி எந்த ஊரு?”

“யாழ்ப்பாணம், அண்ணை.”

“யாழ்ப்பாணமா! நா வந்திருக்கேனே.”

“எப்ப வந்தனீங்கள்?”

“ஜெயிலுக்குத்தான்” எண்டு சிரிச்சார். எல்லை தாண்டிப் பிடிபட்டு ஒரு மாதத்துக்கு மேல உள்ள இருந்தவராம். ஊரைப் பாத்தது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோற வண்டியின்ர கம்பிக்குள்ளால. பனை நிறைய நிண்டுது எண்டார். பாண் எண்ட சொல்லை அங்கதான் பழகினவராம். எங்களை இருக்கச் சொல்லிப்போட்டு டீ எடுப்பிச்சார். பிளேன்ரீ கேட்டம். பால் விட்டதுதான் வந்தது.

அப்பத்தான் மயிலிட்டிக்காரன் சொன்னான்: “எங்கட அப்பாவும் தொழிலுக்குப் போறவர்.”

அந்த மனுசன் ஊசியைக் கீழ வைச்சார். “வலை போச்சா தம்பி?” எண்டு நேரடியாவே கேட்டார். இவன் “ரெண்டு தரம்” எண்டான்.

கொஞ்ச நேரம் பெயின்ற் அடிக்கிற சத்தம் மட்டும்தான். பிறகு அவர் கதைச்சது எல்லாம் கணக்கு. படகு அவற்றதில்லை. ஓனர் வேற. டீசல், ஐஸ், சாப்பாடு கழிச்சு மிச்சத்தில பங்கு. வெறுங்கையோட வந்தால் பங்கும் இல்லை. இந்தப் பக்கக் கடலை இவையே இழுத்து இழுத்து முடிச்சாச்சு. “அங்க வரக் கூடாதுன்னு தெரியும் தம்பி. தெரியாம வரல. ராத்திரில எந்தக் கல்லு, யாரு வலைன்னு தெரியாது, டிரைவர் இழுத்துக்கிட்டே போவாரு.” மன்னிப்புக் கேக்கேல்லை. நியாயமும் சொல்லேல்லை. எங்களுக்கு அது பிடிச்சிருந்தது எண்டும் சொல்ல ஏலாது, பிடிக்கேல்லை எண்டும் சொல்ல ஏலாது.

‘தொப்புள்கொடி உறவு’ எண்டு மேடையில கதைக்கிற ஆக்களில எங்களுக்குக் கோவம் வாறது இந்த இடத்திலதான். அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டால் பிறகு ஓனர் ஆர், கூலி ஆர், வலை பறிகுடுத்தவன் ஆர் எண்டு கேக்கத் தேவையில்லை. 1974இலயும் 1976இலயும் டில்லியும் கொழும்பும் கடலில கோடு கீறினது உண்மை. ஆனால் கோடு இல்லாட்டியும் இழுவைமடி இழுவைமடிதான். எங்கட கரைகளிலயும் சிலது ஓடினது, 2017இல இலங்கையில சட்டம் போட்டுத் தடுத்தது அவையளுக்கும் சேர்த்துத்தான். சண்டைக் காலம் முழுக்கக் கடலுக்குப் போக விடாமல் வைச்சிருந்த சனம், 2009க்குப் பிறகு போய்ப் பாத்தால் தங்கட கடலில வேற ஆக்கள். இதை ‘ரெண்டு பக்கமும் தமிழர்’ எண்டு சொல்லி மூடினால் எங்கட ஆக்களுக்கு என்ன கிடைக்கும்?

வெளிக்கிடேக்க அவர் ஒரு விசயம் கேட்டார். தான் பிடிபட்ட படகு மயிலிட்டியில நிக்குதாம். இன்னும் கிடக்கா, தாண்டிட்டுதா எண்டு பாத்துச் சொல்ல ஏலுமா? நம்பர் சொன்னார். இவன் ஒண்டும் பேசாமல் போனில எழுதினான். அவற்ற வாட்ஸ்அப் நம்பரையும் எழுதினான்.

அதுக்குப் பிறகு அண்டைக்குக் கோயில் பாக்கிற மனநிலை ஒருத்தருக்கும் இல்லை. எண்டாலும் காயாரோகணேசுவரர் கோயிலுக்குள்ள போனம். அறுபத்துமூவரில அதிபத்த நாயனார் இந்த ஊர்க் கடற்தொழிலாளி. பிடிக்கிற மீனில ஒண்டை ஒவ்வொரு நாளும் சிவனுக்கெண்டு கடலிலயே விட்டவர், ஒரு மீன்தான் பட்ட நாளிலயும் விட்டவர் எண்டு சின்ன வகுப்பில பாடமாக்கினது. அவற்ற ஊர் இதுதான் எண்டு எங்களுக்கு மறந்தே போச்சு.

பின்னேரம் நாகூர். இது கல்முனைக்காரியின்ர நேரம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில வருசா வருசம் நாகூர் ஆண்டவர் பேரில கொடியேத்திறதைப் பாத்து வளந்தவள். மூலஸ்தானத்துக்கே வந்திட்டாள் எண்ட புளுகத்தில வீடியோ கோலில உம்மம்மாவுக்கு ஐஞ்சு மினாராவையும் ஒவ்வொண்டாக் காட்டினாள். எல்லாத்திலயும் உயரமானது 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய அரசன் பிரதாப சிங் கட்டிக் குடுத்தது. உம்மம்மாவுக்கு அரசன் முக்கியமில்லை, “சர்க்கரை ஓதி எடுத்தியா புள்ள?” எண்டதுதான் கேள்வி. மொட்டை போட்டு சந்தனம் பூசின சனத்தில ஆர் எந்தச் சமயம் எண்டு பிரிக்க ஏலாது. வெளியில வந்து வாடா வாங்கினம். றால் வைச்சுப் பொரிச்சது, சூடா, ஒவ்வொருத்தரும் மூண்டு. இந்த ஊரில வேற ஒண்டும் செய்யாட்டியும் வாடா சாப்பிடுங்கோ.

இரவு நாகைக் கடற்கரையில இருந்தம். 2004 சுனாமியில இந்த மாவட்டத்தில மட்டும் ஆறாயிரத்துக்கு மேல சனம் போனது. காலமை நாங்கள் டீ குடிச்ச அக்கரைப்பேட்டையும் பக்கத்துக் கீச்சாங்குப்பமும் அதில மோசமா அடிபட்ட ஊர்கள். கல்முனைக்காரி அந்தக் காலமையைப் பற்றி ஒருநாளும் கதைக்கிறவள் இல்லை. அண்டைக்கும் கதைக்கேல்லை. செருப்பைக் கழட்டிப்போட்டு அலைக்குக் கிட்டப் போய் நிண்டிட்டு வந்தாள்.

மயிலிட்டிக்காரன் தகப்பனுக்குப் போன் எடுத்தான். துறைமுகம் போனதைச் சொன்னான், டீ குடிச்சதைச் சொல்லேல்லை.

அடுத்த நாள் விடிய துறைமுகத்தில வரிசை. சாறிப் பெட்டி, வேளாங்கண்ணி மாதா சுருவம், மருந்துப் பை எண்டு எல்லாற்ற கையிலயும் ஏதோ ஒண்டு. கப்பல் கடுவையாத்து வாயால வெளிய வந்து திரும்பினது. தடைக்காலம் எண்டபடியால் விசைப்படகு ஒண்டும் இல்லை, இடைக்கிடை ஃபைபர் படகு மட்டும். இதைப்போல வெறுமையா இந்தக் கடலைத் தான் கண்டதில்லை எண்டு மயிலிட்டிக்காரன் சொன்னான். மத்தியானத்துக்குக் கிட்ட காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரிஞ்சது.

ஒரு கிழமை கழிச்சு அவன் மயிலிட்டி இறங்குதுறைக்குப் போயிருக்கிறான். நம்பர் பாதி அழிஞ்சுபோச்சு, ஆனால் படகு கிடக்கு. பின்பக்கம் தண்ணிக்குள்ள. படம் எடுத்து எங்கட குரூப்பில போட்டான். தகப்பனும் படத்தை வாங்கிப் பெருப்பிச்சுப் பாத்தவராம். ஆற்ற படகு எண்டு கேக்கேல்லையாம். “பலகையைக் கழட்டிப்போட்டாங்கள்” எண்டு மட்டும் சொன்னவராம்.

அந்த வாட்ஸ்அப் நம்பருக்கு அவன் படத்தை இன்னும் அனுப்பேல்லை.