பெரலியவுக்குப் போகும் இயந்திரம்

ஆண்டுதோறும் டிசெம்பர் 26ஆம் திகதி முற்பகல் 9.25க்கு இந்நாடு இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது. நமது நினைவு நாள்களிற் பல, ஒருவரின் கொண்டாட்டமும் மற்றவரின் துக்கமுமாக அமைந்துவிட்டன. மே மாதம் பிறந்தால் இது எல்லோருக்கும் விளங்கும். டிசெம்பர் 26 மட்டுமே அந்தப் பிளவுக்கு வெளியே நிற்கிறது.

2004இல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாகவும் போயா தினமாகவும் இருந்தது. நத்தாருக்கு மறுநாள். கொழும்பு கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்தில் அதனாலேயே அத்தனை கூட்டம். பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் அன்று அலுவலகத்தில் இறந்தோர் தொகையை மணிக்கொரு தடவை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தோம். நூறு ஆயிரமாகி, ஆயிரம் பல்லாயிரமாகிய பின்னர், முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்ற கணக்கில் வந்து நின்றது. கரையோர மாவட்டங்களுள் ஆகக் கூடுதலான இழப்பு அம்பாறைக்கு. ஆனால் உலகின் கண்ணில் பதிந்த படம், ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் கவிழ்ந்து கிடந்த பெட்டிகள்தான்.

முதல் அலையின் நீர் பாதையில் ஏறியதால் புகையிரதம் அங்கே நின்றது. நின்ற வண்டியை அரண் என்று நம்பி ஊர்மக்களும் ஏறிக்கொண்டார்கள். சிலர் கூரையிலும். அடுத்து வந்த அலை எட்டுப் பெட்டிகளையும் இயந்திரத்தையும் தூக்கி எறிந்தது. 1,700 பேர்வரை மாண்டனர் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வண்டியை நிறுத்திவிடக் கட்டுப்பாட்டறை முயன்றது. தொலைபேசி அழைப்பு உரிய வேளையில் உரியவரை எட்டவில்லை.

சாரதியும் உதவிச் சாரதியும் கடமையிலிருந்தபடியே இறந்தார்கள். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். வேலை ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் இதிலொன்றும் விசேடமில்லை. புகையிரத இயந்திரத்தில் அப்படித்தான் இருவர் இருப்பார்கள், ஒருவர் கண் தவறினால் மற்றவர் கண் சமிக்ஞையைப் பார்க்கும். ஆனால் அடுத்த ஆண்டு யூனில், அரசும் புலிகளும் நிவாரணத்தைப் பகிர்ந்துகொள்ளக் கைச்சாத்திட்ட பொதுக் கட்டமைப்பு, சில வாரங்களிலேயே உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுடன் முடங்கியபோது எனக்கு அந்த இருவரின் நினைவே வந்தது. ஓர் இயந்திர அறையில் இரண்டு பேருக்கு இயன்றது, ஒரு நாட்டுக்கு இயலவில்லை.

சேவையாளரைக் கௌரவிப்பதென்றால் சீருடையும் பதக்கமும் மரியாதை வேட்டுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. புகையிரதத் தொழிலாளருக்கு இவை எதுவுமில்லை. எனினும் அவர்கள் தங்கள் வழியில் ஒன்றைச் செய்தார்கள். அலை பெயர்த்த தண்டவாளத்தைப் பெப்ரவரியிலேயே மீண்டும் ஓடத்தக்கதாக்கினார்கள். 591ஆம் இலக்க இயந்திரத்தையும் கைவிடவில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடாவிடமிருந்து வந்தது அது, பெயர் மனிடோபா. அரை நூற்றாண்டு உழைத்து, கடலிலும் அடிபட்ட இரும்பைப் பழைய விலைக்குக் கொடுத்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். (நமது திணைக்களங்களின் களஞ்சியங்களைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.) அவர்கள் அதைத் திருத்தி, அதன் உடலில் ஓர் அலையைத் தீட்டி, மறுபடியும் பாதையில் விட்டார்கள்.

டிசெம்பர் 26 வரும்போது உயிர் பிழைத்தோரும் உறவினரும் புகையிரதத்தில் பெரலியவுக்குச் செல்கிறார்கள். இருபதாவது ஆண்டாகிய 2024இலும் சென்றார்கள். நினைவுத்தூபியருகே விளக்கேற்றி, மலர் வைத்து, மௌனமாக நிற்கிறார்கள். சற்றுத் தள்ளி, ஜப்பானிய உதவியுடன் எழுந்த உயரமான புத்தர் சிலை. மௌனம் முடிந்ததும் வழமையான வண்டிகள் அதே பாதையில் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் முன்னறையிலும் இருவர்.