தரையில் குந்திப் பார்த்தால் தெரியும் வீடு

யாழ்ப்பாணத்துச் சாட்டியில் ஒரு வீட்டுக்குப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்கு, பிள்ளையின் நிறையைக் குறித்து, தடுப்பூசித் திகதியைச் சொன்னதும் வேலை முடிந்துவிடாது. கதிரையை விட்டு இறங்கித் தரையில் குந்த வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில் அது வேறு வீடு. அடுப்படி மூலையில் சோடாப் போத்தலுக்குள் மண்ணெண்ணெய். அது பிள்ளைக்குக் குடிக்கிற சாமான். மேசைவிரிப்பின் தொங்கலைப் பிடித்து இழுத்தால் சுடுதேத்தண்ணி முகத்தில் கொட்டும்.

"கவனமாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பலாம். எந்தத் தாய்தான் பார்க்காமல் இருக்கிறாள்? "ஒரு கையால மீன் வெட்டுறன், மிசி, மற்றக் கையால இவனைப் பிடிக்கேலுமே?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. வங்காளதேசத்தில் சிறு பிள்ளைகள் நீரில் மூழ்குவது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில், தாய்மார் வீட்டுவேலையில் இருக்கும்போதுதான் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த நேரத்துக்கென்று ஊருக்குள்ளேயே பிள்ளைக் காப்பகங்களைத் திறந்தார்கள்.

தாயைத் திருத்துவதை விடப் பொருளைத் திருத்துவதே பலன் தரும். இதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குப்பிவிளக்கு சரிந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்தவர். 1990களில் அவர் விளக்கையே மாற்றினார். குட்டையான, கனமான கண்ணாடிப் போத்தல். உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் சிந்தாதபடி திருகுமூடி. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

சாட்டியில் மாற்ற வேண்டியவற்றில் முதலாவது தண்ணீர். மணலுக்குள் நல்ல தண்ணீர் ஊறும் ஊர் என்பதால் வளவுக்குள் கிணறும், மணலில் தோண்டிய பூவல் என்ற நீர்க்குழியும் இருக்கும். கிணற்றுக்குக் கட்டும் மூடியும், பூவலுக்கு வேலியும் வேண்டும். வாளியை மறந்துவிடுகிறோம். சின்னப் பிள்ளைக்குத் தலைதான் பாரம்; எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் கால்வாளித் தண்ணீரிலும் நிமிர முடியாது. சத்தமும் கேட்காது. குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்க்கக் காசு செலவில்லை.

மண்ணெண்ணெயைக் குடிபானப் போத்தலில் ஊற்றவே வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் பருக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் உயிருக்கு ஆபத்து. உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் ஓடுகிறது. குடித்த போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.