அளகு

கோழிக்கும் கூகைக்கும் உரிய பெண்பாற் பெயராக 'அளகு' என்ற சொல்லைத் தருகிறது தொல்காப்பிய மரபியல். மயிலுக்கும் அதில் உரிமை உண்டென்கிறது. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இச்சொல் புதிது. நாமக்கல் மாவட்டத்தின் பண்ணைக் கொட்டகைகளைப் பார்த்து வளர்ந்த அவர்கள் அறிந்த பெயர் 'லேயர்'. செய்யும் வேலையே பெயராகிவிட்ட உயிர் அது.

அத்தகைய வெள்ளைக் கோழிகள் இரண்டு, ராசிபுரத்தில் எங்கள் புழக்கடைக்கு வந்து சேர்ந்தன. முட்டைப் பருவம் முடிந்ததென்று பண்ணைகள் கழித்து விற்பவற்றைக் கறிக்காகவே வாங்குவது வழக்கம். நாங்கள் வளர்க்க வாங்கினோம். சில வாரங்களில், ஒன்றின் எச்சவாயில் நெல்லிக்காயளவு சிவந்த சதை பிதுங்கி நின்றது. மற்றது அதையே குறிவைத்துக் கொத்தியது.

"அறுத்துருங்க கண்ணு, அதும் எத்தன நாளைக்கு வேதனப்படும்?" என்றார் பக்கத்து வீட்டு ஆத்தா. அதிலும் இரக்கமே இருந்தது.

பண்ணைகளில் இதனைப் 'புரோலாப்ஸ்' என்பர். முட்டையிடும் ஒவ்வொரு முறையும் முட்டைக்குழாயின் கடைப்பகுதி சற்றே வெளிப்பிதுங்கி, முட்டை எச்சத்தில் படாமல் இறக்கிவிட்டு உள்ளே திரும்பும். தசை தளர்ந்தால் திரும்பாது. முதிர்ந்த கோழியின் முட்டை பெரிது. உடலில் கொழுப்பும் சேர்ந்திருக்கலாம். ஓடு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். அது குறைந்தால் தசை சுருங்கும் வலிமையும் குறையும். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். இவ்வினமோ முந்நூறுக்கு மேல்.

நண்பர்கள் சிலருக்குப் பயன்படக்கூடும் என்பதால் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறோம். முதல் வேலை, தனியே பிரிப்பது. சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்திக் குடலையே இழுத்துவிடும். வெதுவெதுப்பான உப்புநீரால் சதையைக் கழுவினோம். உள்ளே முட்டை சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தோம், இல்லை. சர்க்கரையைக் குழைத்துப் பூசிக் கால்மணி நேரம் விட்டதும் நீரை இழுத்து வீக்கம் வடிந்தது. மீண்டும் கழுவி, கையுறை அணிந்து எண்ணெய் தடவிய விரலால் மெல்ல உள்ளே தள்ளிச் சிறிது நேரம் தாங்கிப் பிடித்தோம். ஒருவர் இறகோடு அணைத்துக்கொள்ள, மற்றவர் செய்ய வேண்டிய வேலை இது. சதை கிழிந்தோ கறுத்தோ இருந்தால் வீட்டு வைத்தியம் கூடாது. மருத்துவரிடமே போக வேண்டும்.

மறுநாள் முட்டையிட்டபோது சதை மறுபடியும் வெளியே வந்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். பார்த்துவிட்டு, "முட்டைய நிறுத்தணுங்க சார். இருட்டுல வைங்க" என்றார்.

பண்ணையில் நாளொன்றுக்குப் 16 மணி நேரம் வரை வெளிச்சம் தருகிறார்கள். மண்டையோட்டை ஊடுருவி மூளையை எட்டும் அந்த ஒளியே முட்டையிடத் தூண்டுகிறது. ஆகவே வெளிச்சம் 8 மணி நேரம், இருட்டு 16 மணி நேரம் என்று மாற்றினோம். சாக்குப் படுதா போட்ட கூடை. அளவாகத் தீவனம், வேண்டிய தண்ணீர். இன்னும் இருமுறை சதை வெளியே வந்தது; இருமுறையும் உள்ளே தள்ளினோம். இரண்டாம் வாரம் முட்டை நின்றது. பிறகு இறகுகள் உதிரத் தொடங்கின.

இந்நோய் மீண்டும் வரக்கூடியது. மறுபடி முட்டையிட்டால் மறுபடி சரியலாம். இடாமலே இருக்கட்டும் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. இடாத 'லேயருக்கு'ப் பண்ணைக் கணக்கில் இடமில்லை. 'அளகு' என்ற பெயருக்கோ அப்படியொரு கணக்கில்லை. பெட்டையாக இருந்தால் போதும்.

இப்போது புது இறகு முளைத்திருக்கிறது. எலுமிச்சை மரத்தடியில் மண்ணைக் கிளறிக் குழியாக்கி, அதில் புரண்டு குளிக்கிறது. கூண்டிலேயே வாழ்ந்த கோழி இதை யாரிடம் கற்றதோ!