நங்கூரம் சுமக்கும் ஊர்கள்

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கிறது ஓலசுண்ட் நகரம். அதை அடுத்த சூலசுண்ட் துறையில் காரோடு படகில் ஏறினால், அரை மணி நேரத்துக்குள் அக்கரையில் ஹாரைட். பயணிகள் எல்லோரும் பனி மூடிய மலைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது, எதிரே ஒரு விசித்திரமான கப்பல் வரும். முன்பக்கம் நாலு மாடி வீடு மாதிரி உயர்ந்திருக்கும். பின்பக்கமோ கதவு கழற்றிய லாரி போலத் தட்டையாக, தண்ணீருக்குக் கொஞ்சமே மேலே, கடைசியில் தடுப்பே இல்லாமல் திறந்து கிடக்கும். பாதி கட்டியதும் பணம் தீர்ந்துவிட்டதோ என்று தோன்றும். அந்தத் திறந்த பின்பக்கம்தான் இந்த ஊர்களுக்குச் சோறு போடுகிறது.

இவை நங்கூரம் கையாளும் கப்பல்கள். கடலில் எண்ணெய்க்குத் துளை போடும் மிதவை மேடைகள் பலவற்றை எட்டு நங்கூரங்கள் எட்டுத் திசையில் பிடித்து நிறுத்துகின்றன. மேடையால் தன் நங்கூரத்தைத் தானே கொண்டுபோய்ப் போட முடியாது. இந்தக் கப்பல் அதை வாங்கி, சங்கிலியை இழுத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் போய், குறித்த இடத்தில் இறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி பிடுங்க வேண்டும். பின்தளத்தின் விளிம்பில் இருக்கும் பெரிய உருளை வழியாகத்தான் நங்கூரம் ஏறி இறங்கும். தடுப்பு இல்லாததற்குக் காரணம் அதுதான்.

ஹாரைடிலிருந்து சற்று தூரத்தில் உல்ஸ்டைன்விக். சில ஆயிரம் பேர் வாழும் ஊர். 1917-ல் இங்கே சிறு பட்டறையாகத் தொடங்கியதுதான் உல்ஸ்டைன் கப்பல் கட்டும் தளம். இந்த ஊர் நிறுவனம் ஒன்றின் 'ஐலண்ட் விக்டரி' 2020-ல் கடலுக்கு வந்தது. இழுவிசைச் சோதனையில் அது காட்டியது 477 டன்! கப்பலைக் கரையில் இரும்புக் கயிற்றால் கட்டிவிட்டு, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டி அளக்கும் கணக்கு இது. நூறு யானைகளை ஒரே கயிற்றில் தொங்கவிட்டால் எவ்வளவு கனமோ, ஏறத்தாழ அவ்வளவு.

ஆனால் இங்கே யாரும் பலத்தை மட்டும் பேசுவதில்லை. அதற்குக் காரணம் 'போர்போன் டால்ஃபின்'.

அதுவும் உல்ஸ்டைன்விக்கில் கட்டியதுதான். 2006 அக்டோபரில் ஒப்படைக்கப்பட்டது. அதை இயக்கிய அலுவலகம் பக்கத்து ஊரான ஃபோஸ்நாவோகில். 2007 ஏப்ரல் 12 அன்று, ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே, சுமார் 1,100 மீட்டர் ஆழக் கடலில் ஒரு மேடையின் கடைசி நங்கூரங்களில் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தது. காற்றும் நீரோட்டமும் அதைப் பாதையிலிருந்து தள்ளின. பின்தளத்தில் சங்கிலியை நடுவில் நிறுத்திவைக்கும் இரும்புத் தூண்களில் ஒன்று இறக்கப்பட்டது. சங்கிலி சட்டென்று ஓரத்துக்கு நகர்ந்தது. நடுவில் இழுத்தவரை கப்பல் தாங்கிய பாரம், ஓரத்தில் இழுத்ததும் அதைக் கவிழ்த்தது. சங்கிலியை இழுக்கும் கப்பலை, சங்கிலியும் இழுக்கிறது அல்லவா?

கப்பலில் இருந்தவர்கள் 15 பேர். 7 பேர் பிழைத்தார்கள். இறந்த 8 பேரில் கேப்டனும் அவருடைய மகனும் உண்டு. மகனுக்கு வயது 14. அப்பாவின் வேலை எப்படிப்பட்டது என்று பார்த்துப் பழக, பள்ளியின் தொழிலனுபவத் திட்டத்தில் கூடப் போயிருந்தான். ஐந்து பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. கவிழ்ந்து மிதந்த கப்பல் மூன்றாம் நாள் மூழ்கியது.

நார்வே அரசு அமைத்த விசாரணைக் குழு 2008-ல் அறிக்கை தந்தது. ஒரு மனிதரின் தவறு என்று அது முடித்துவிடவில்லை. கப்பலின் நிலைத்தன்மை, திட்டமிடல், பொறுப்பு ஒப்படைத்த விதம், கப்பலுக்கும் மேடைக்கும் இடையிலான பேச்சு என்று சிறு சிறு குறைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததைச் சொன்னது. அதன்பிறகு விதிகள் கடுமையாயின. எந்தக் கோணத்தில் எத்தனை டன் இழுத்தால் கப்பல் தாங்கும் என்ற கணக்கு கேப்டன் கையில் இருந்தாக வேண்டும்.

ஃபோஸ்நாவோக் வரை வருகிறவர்கள் பாலங்கள் வழியாக ருண்டே தீவுக்கும் போகலாம். வண்ண அலகு கொண்ட பஃபின் பறவைகள் ஆயிரக்கணக்கில் ஏப்ரலில் வந்து, ஜூலை முடிவதற்குள் கிளம்பிவிடும். பார்ப்பதற்கு நல்ல நேரம் மாலைதான். கடலில் மீன் பிடித்துவிட்டு அவை கூட்டமாகப் பாறைக்குத் திரும்பும். காற்று பலமாக அடிக்கும்; கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும்.